விரதம் பிடிப்பது பாதி, விரதம் விடுவது மீதி

(கந்தசஷ்டிக்கு முன்னர் தோட்டக் கோவில் மண்டபத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

 

ஐப்பசி அமாவாசை கழிந்தால் மறுநாள் பிரதமையில் கந்தசஷ்டி விரதம் தொடங்குகிறது. சஷ்டி வரை 6 நாள். ஆறாம் நாள் சூரன்போர், ஏழாம் நாள் திருக்கல்யாணம். அமாவாசையை வைத்துக் கணக்கு வருவதால் இங்கிலீஷ் தேதி வருஷா வருஷம் மாறும். 2024 இல் சூரன்போர் நவம்பர் 7 இல் வந்தது, 2025 இல் ஒக்டோபர் 27 இல் வந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த விஷயம். விரதத்தை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்க நாங்கள் இங்கே வரவில்லை. அது நம்ம ஆத்தா, அப்பாயி காலத்திலிருந்து வருகிறது. விரதத்தை எப்போது விடுவது, எப்படி விடுவது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

நாங்கள் நலன்புரி வேலை பார்க்கிறவர்கள். குருக்களும் இல்லை, டொக்டரும் இல்லை. ஆனால் விரத காலத்தில் மலையில் ஒரு அக்கா மயங்கி விழுந்தால் முதலில் ஆள் அனுப்புவது எங்களுக்குத்தான். அப்படி வந்து சேர்ந்த அனுபவத்தையும், குருக்கள்மாரிடமும் ஆஸ்பத்திரியிலும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

விரதம் விடுவதைப் பாரணை என்று சொல்வார்கள். பாரணையும் விரதத்தில் ஒரு அங்கம்தான். ஒவ்வொரு விரதத்துக்கும் பாரணைக்கு ஒரு நேரம் உண்டு. ஏகாதசி இருந்தவர்கள் மறுநாள் துவாதசி காலையில் விட வேண்டும். துவாதசி திதி கழியும்வரை இழுத்தடிக்கக் கூடாது என்பார்கள். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் சேர்ப்பது வழக்கம். சிவராத்திரிக்கு நாலு சாமப் பூசையும் முடிந்து, விடிந்ததும் குளித்துவிட்டு விடுகிறோம். கேதாரகௌரி விரதம் 21 நாள். ஐப்பசி அமாவாசையன்று பூசை முடித்து, 21 இழைக் காப்பைக் கட்டிக்கொண்டு விடுகிறோம். நவராத்திரி விரதத்துக்கு விஜயதசமி. கந்தசஷ்டிக்குச் சிலர் சூரன்போர் முடிந்து குளித்துவிட்டு அன்று இரவே விடுவார்கள். சிலர் ஏழாம் நாள் காலைப் பூசைக்குப் பிறகு விடுவார்கள். இரண்டும் வழக்கத்தில் உள்ளதுதான். உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதைச் செய்யுங்கள். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் சிலசமயம் ஒரு நாள் முன்பின்னாக வரும். அதனால் நம்ம கோவில் குருக்கள் சொல்கிற நாளையே வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. நேரம் வந்ததும் சாப்பிடு என்றுதான் எல்லா விரதமும் சொல்கிறது. நேரம் கடந்தும் பட்டினி கிட என்று எந்த விரதமும் சொல்லவில்லை.

ஆனால் நம்ம லயத்தில் என்ன நடக்கிறது? விரதம் பிடித்தவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைதான். புருஷனுக்காக, பிள்ளைக்காக, குடும்பத்துக்காகப் பிடிக்கிறாள். ஏழாம் நாள் விடிய 4 மணிக்கு எழும்பி, குளித்து, விளக்கேற்றி, படையலுக்குச் சமைத்து, கோவிலுக்குப் போய்வந்து, புருஷனுக்குப் போட்டு, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பி, கைப்பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, அதற்குள் பெரட்டுக்கு நேரமாகிவிடும். "மத்தியானம் வந்து சாப்பிட்டுக்கலாம்" என்று ஒரு வாய் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறாள். 6 நாள் பட்டினி கிடந்த உடம்பு ஏழாம் நாளும் பட்டினி. பாரணை நேரத்தில் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாயிற்று, விரதம் பிடித்தவள் மட்டும் சாப்பிடவில்லை. இது என்ன நியாயம்?

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் இப்படித்தான் ஒரு அக்கா ஏழாம் நாள் காலையில் மலையில் விழுந்தார். கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்த்தது, பேச்சு குழறியது. சுற்றி நின்றவர்கள் "சூரன்போர் பார்த்த இடத்திலே ஏதோ அடிச்சிருச்சி" என்று கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த பூசாரி ஐயா விபூதி பூசினார். பூசிவிட்டு, "விரதம் இருந்த பிள்ளை, முதல்ல சீனித்தண்ணி குடுங்க" என்றார். கொடுத்து ஒரு கால் மணி நேரத்தில் அந்த அக்கா எழும்பி உட்கார்ந்தார். பிறகு ஆஸ்பத்திரியில் காட்டியபோது, அவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, குளிசை குடிக்கிறார் என்பது தெரிய வந்தது. விரதம் இருந்த 6 நாளும் சாப்பாட்டை விட்டிருக்கிறார், குளிசையை மட்டும் விடவில்லை. அந்தப் பூசாரி ஐயாவுக்கு நாங்கள் இன்றைக்கும் நன்றி சொல்கிறோம்.

ஆகவே முதல் விஷயம், நேரம் வருவதற்கு முன்னாலேயே விரதத்தை விட வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு.

நின்றால் கண் இருண்டு தலை சுற்றுவது, கை கால் நடுங்கிக் குளிர் வேர்வை வேர்ப்பது, நெஞ்சு படபடப்பு, நெஞ்சு வலி, பேச்சுத் தடுமாற்றம், விடாத வாந்தி, கடுமையான வயிற்று வலி, அரை நாளாகச் சிறுநீர் போகாமல் இருப்பது. இதில் ஒன்று வந்தாலும் அந்த நேரத்திலேயே விரதத்தை விட்டுவிட வேண்டும். "சூரன்போர் வரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்திருவேன்" என்று இருக்கக் கூடாது. விட்டதோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். நெஞ்சு வலி, பேச்சுத் தடுமாற்றம் என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

நடுக்கமும் வேர்வையும் வந்து சுய நினைவோடு இருப்பவருக்கு, 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிஷம் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். நினைவு இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காது. ரோட்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு வர ஆட்களையும் ஆயத்தம் பண்ணுங்கள்.

இதைச் சொன்னால் ஒரு கேள்வி வரும். "பாதியில விட்டா சாமி குத்தம் ஆகிப்போகாதா ஐயா?" நியாயமான கேள்விதான். பயந்து பயந்து கேட்கிறார்கள், கேட்காமலே மறைத்தும் வைக்கிறார்கள். மகாபாரதத்தில் விதுரர் திருதராட்டிரனுக்கு நீதி சொல்கிற ஒரு இடம் உண்டு. அங்கே விரதத்தைக் கெடுக்காத பொருள்கள் என்று எட்டைச் சொல்கிறார். தண்ணீர், கிழங்கு, பழம், பால், மருந்து, குருவினுடைய சொல் ஆகியவை அந்த எட்டுக்குள் அடங்குகின்றன. அப்படியென்றால் தண்ணீர் குடித்தாலோ, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டாலோ, மருந்து குடித்தாலோ விரதம் கெடாது. இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த சலுகை இல்லை, பெரியவர்கள் அன்றைக்கே சொல்லி வைத்தது. நோயாளி, வயசாளி, சின்னப் பிள்ளை, கர்ப்பிணி ஆகியோர் தங்களால் முடிந்த அளவுக்கு இருந்தால் போதும் என்பதும் பெரியோர் வாக்குத்தான். மனசு கேட்கவில்லை என்றால் குருக்களிடம் போய்ச் சொல்லுங்கள். ஒரு விளக்குப் போடு, ஒரு அர்ச்சனை செய் என்று அவர் வழி காட்டுவார். முருகன் நம்மைப் பெற்ற தகப்பன் மாதிரி. பிள்ளை மயங்கி விழுந்த பிறகும் சாப்பிடாதே என்று சொல்லுகிற தகப்பன் உண்டா?

இரண்டாவது, யார் பட்டினி விரதத்தைத் தொடங்கவே கூடாது என்பது. சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவர்கள், குளிசை குடிக்கிறவர்கள், பிரஷர், இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம், வயிற்றுப் புண் உள்ளவர்கள், கர்ப்பிணித் தாய்மார், பால் கொடுக்கிற தாய்மார். இவர்கள் விரதத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே தோட்ட வைத்திய உதவியாளரிடமோ கிளினிக் டொக்டரிடமோ பேச வேண்டும். குளிசையைத் தாங்களாகவே நிறுத்தவும் கூடாது, சாப்பிடாத வயிற்றில் வழக்கம் போலப் போடவும் கூடாது. எதைக் குறைப்பது, எந்த நேரத்தில் போடுவது என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்குக் கொடுக்கிற இரும்புச்சத்துக் குளிசையும் திரிபோஷாவும் விரதத்துக்காக அலமாரியில் கிடக்கக் கூடாது. இவர்கள் மரக்கறி மட்டும் சாப்பிட்டு, கோவிலுக்கு வந்து, சஷ்டி கவசம் படித்தாலே அது விரதம்தான். மாதவிலக்கைத் தள்ளிப்போடக் கடையில் குளிசை வாங்கிப் போடுகிற தங்கச்சிமாருக்கும் இதையே சொல்கிறோம். டொக்டரைக் கேட்காமல் அந்தக் குளிசையைத் தொடாதீர்கள்.

இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். கேதாரகௌரி விரதம் 21 நாள் ஒரு பொழுது இருந்து, அமாவாசையன்று முடித்து, மறுநாளே கந்தசஷ்டியைத் தொடங்குகிற தாய்மார் இருக்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் 27 நாள். அதோடு மலை வேலையும் பார்க்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் கந்தசஷ்டிக்கு முழுப் பட்டினி கிடக்காமல் ஒரு பொழுது சாப்பாடாகவோ பாலும் பழமுமாகவோ இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ஐந்து நாள் ஒரு பொழுது இருந்து, ஆறாம் நாள் மட்டும் உபவாசம் இருப்பதும் நல்ல வழக்கம்தான்.

விரத நாளில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். ஐப்பசி மாதம் மழையும் பனியுமாக இருப்பதால் நம்ம பக்கத்தில் தாகம் தெரியாது. ஆனால் கூடையோடு மேட்டில் ஏறி இறங்குகிற உடம்பு தண்ணீரைச் செலவழித்துக்கொண்டுதான் இருக்கும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். கொதித்தாறிய தண்ணீர் ஒரு போத்தலைக் கூடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நேரம் வந்து விரதத்தை விடுகிற முறை.

பட்டினி கிடந்த வயிறு தூங்கிக்கொண்டிருக்கிற பிள்ளை மாதிரி. மெதுவாகத் தட்டி எழுப்ப வேண்டும். முதலில் தீர்த்தம், அதற்குப் பிறகு ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீர். கொஞ்ச நேரம் பொறுத்து ஒரு வாழைப்பழம், அல்லது தண்ணீர் கலந்த பால். அரை மணி நேரம் கழித்துப் பச்சரிசியும் பாசிப்பயறும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி, உப்புப் போட்டு, ஒரு சின்னக் கோப்பை அளவு. அது ஒத்துக்கொண்டால் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துச் சோறு, பருப்பு, கீரை, பூசணிக்காய் என்று கொஞ்சமாகச் சாப்பிடலாம். இடியாப்பமும் சொதியும் நல்லது. அகத்திக்கீரை கிடைக்காவிட்டால் தோட்டத்தில் கிடைக்கிற கீரையைச் சமையுங்கள். மறுநாள் வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறோம். முதல் வாய்க்கே கடும் சாயத்தண்ணி வேண்டாம். வெறும் வயிற்றில் அது எரிச்சலைக் கொடுக்கும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது. இரத்தம் குறைந்த நம்ம தாய்மாருக்கு இது பெரிய நட்டம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். தேயிலை நம்ம கைப்பட்ட பொருள்தான், ஆனாலும் அதற்கும் நேரம் உண்டு. அதேபோல முதல் சாப்பாட்டிலேயே வடை, கொச்சிக்காய்ச் சம்பல், புளிக்குழம்பு என்று போடாதீர்கள். அன்னதானத்தில் இலை நிறையப் போட்டுவிட்டார்களே என்று முழுவதையும் சாப்பிட வேண்டியதில்லை. கொஞ்சம் சாப்பிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

6 நாளும் தண்ணீரும் தீர்த்தமும் மட்டும், அல்லது மிளகு மட்டும் என்று கடும் விரதம் இருந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாத உடம்பில் திடீரென்று நிறையச் சாப்பாடு விழுந்தால், இரத்தத்தில் உள்ள சில உப்புகள் சட்டென்று குறைந்துபோகும். அது இருதயத்தையே பாதிக்கலாம் என்று டொக்டர்மார் சொல்கிறார்கள். அதனால் அப்படிப்பட்டவர்கள் பாரணைக்கு முன்பே ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிட்டு, இரண்டு மூன்று நாளுக்குக் கஞ்சியும் மென்சாப்பாடுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கால் வீக்கம், மூச்சு வாங்குதல், மிகுந்த சோர்வு தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும்.

இனி ஐயாமாருக்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளக் கூடாது. 6 நாள் சுத்தபத்தமாக இருந்துவிட்டுச் சூரன்போர் முடிந்த ராத்திரியே போத்தலைத் திறக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பட்டினி கிடந்த வயிற்றில் சாராயம் விழுந்தால் இரத்தத்தில் சீனி இறங்கி ஆள் அப்படியே சாய்ந்துவிடலாம். பக்கத்தில் உள்ளவர்கள் வெறி என்று நினைத்து விட்டுவிடுவார்கள், விடியும்போது ஆள் இருக்கமாட்டார். உடம்புக் கதை ஒருபக்கம் இருக்கட்டும். சூரனை வென்ற நாளிலேயே நம்ம வீட்டுச் சூரனுக்கு விருந்து வைத்தால், 6 நாள் விரதத்துக்கு என்ன அர்த்தம்?

கடைசியாக, இது தனி ஆளால் ஆகிற காரியம் இல்லை. குடும்பமும், கோவிலும், வேலைத்தலமும் சேர வேண்டும். மூன்று பேருக்கும் எங்கள் வேண்டுகோளைச் சொல்கிறோம்.

குடும்பத்துக்குச் சொல்வது இதுதான். ஏழாம் நாள் காலையில் வீட்டில் முதல் கோப்பைக் கஞ்சி விரதம் பிடித்தவருக்கு. மாமியாரோ, புருஷனோ, வளர்ந்த பிள்ளையோ அதைக் காய்ச்சிக் கையில் கொடுக்க வேண்டும். உங்களுக்காகத்தானே அவள் பட்டினி கிடந்தாள்? அவள் சாப்பிட்ட பிறகு நீங்கள் சாப்பிடுங்கள்.

கோவில் கமிட்டிக்குச் சொல்வது: ஏழாம் நாள் பூசையை 9 மணி, 10 மணி என்று வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் பூசையும் பார்க்க முடியாது, பாரணையும் செய்ய முடியாது. விடிய 5 மணிக்கு ஒரு பூசை வைத்து, 6 மணிக்குக் கோவிலிலேயே பாரணைக் கஞ்சி ஊற்றினால் எல்லோருக்கும் வசதி. திருக்கல்யாணத்தைப் பின்னேரம் வைத்துக்கொள்ளலாம். அரிசியும் பயறும் ஆளுக்கொரு கைப்பிடி சேர்த்தால் போதும், செலவு அதிகம் இல்லை. குருக்கள் ஐயாவோடு பேசி முடிவெடுங்கள்.

வேலைத்தலத்தில், விரதம் இருக்கிறவர்கள் அதை மறைக்காதீர்கள். கங்காணி ஐயாவிடமும் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிற அக்காவிடமும் சொல்லி வையுங்கள். சொன்னால்தான் கங்காணிமாரும் அவர்களை ரொம்ப மேட்டுக்கு அனுப்பாமல் கிட்டத்தில் போட முடியும். தனியாக ஒரு மூலைக்குப் போக விடாதீர்கள். லீவு எடுக்க முடிந்தவர்கள் ஏழாம் நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேர் போகிறதே என்று நினைப்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் மலையில் விழுந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் எத்தனை பேர் போகும் என்பதையும் கணக்குப் பாருங்கள். லீவு எடுக்க முடியாதவர்கள் இரண்டு வாழைப்பழத்தையும் ஒரு பொட்டலம் சீனியையும் முடிந்துகொண்டு போங்கள்.

தாய்மார்களே, விரதம் என்பது நம்ம மக்களின் பெரிய சொத்து. அதைக் குறைக்கச் சொல்லி நாங்கள் ஒருநாளும் சொல்லமாட்டோம். விரதத்தை நிறைவாக முடித்து, அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அதே கோவிலில் அதே முருகன் முன்னால் நீங்கள் நல்ல சுகத்தோடு வந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னோம். சந்தேகம் உள்ளவர்கள் வெட்கப்படாமல் எங்களிடம் வாருங்கள், இல்லையென்றால் தோட்ட ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.